பழனிக்குக் கட்டிய மூட்டை

வாசலில் உறுமி மேளம் அதிர்ந்தது. "அரோகரா!" என்று பத்துப் பேர் ஒன்றாகக் கத்தியதில் கொட்டகைப் பசு மிரண்டு எழுந்தது.

"வந்துட்டாங்க! ஊரே கிளம்பி நிக்குது, ஐயா இன்னும் எந்திரிக்கல" என்று முணுமுணுத்தபடி தர்மாம்பாள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

கூடத்தில் வைரக்கண்ணு தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மாலை போட்டதிலிருந்து பாய் கிடையாது, தலையணை கிடையாது. பெண்டாட்டியைக்கூட "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவளும் அப்படியே கூப்பிட வேண்டுமாம்.

"சாமி, எந்திரிங்க சாமி!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு மாதமாக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் காவித் துணியில் பை தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தாள். தோளை அறுக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, கூத்தாநல்லூர் ஜெகபர் அலி கடையில் பட்டாளத்துக்காரர்கள் முதுகில் மாட்டும் பையை வாங்கி வந்தார். பாரம் பழக வேண்டும் என்று அதில் நெல்லை நிரப்பிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தார். அறுப்புக் கூலிக் கலாட்டாவுக்காக வந்திருந்த போலீஸ்காரர், நெல் கடத்துகிறார் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார். தர்மாம்பாள் போய்க் கெஞ்சி மீட்டு வந்தாள்.

அடுத்தது கித்தான் ஷூ. "முருகன்கிட்ட பூட்ஸு போட்டுக்கிட்டா போவ?" என்று பாதயாத்திரைக் குழுத் தலைவர் மருதையன் அதட்டியதும் அது பரணுக்குப் போயிற்று. பிறகு வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடை. இரவில் உப்பு வெந்நீர், அதன்மேல் விளக்கெண்ணெய். கூடம் முழுக்க எண்ணெய்க் கால்தடம்.

இத்தனைக்கும் போன வருஷம்வரை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் பக்கம் திரும்பாத மனிதர்.

"அறுப்பு நேரத்துல எந்தப் பைத்தியமாவது ஊரை விட்டுப் போவுமா?" என்று கேட்டதற்கு, "கூலி ஏத்திக் குடுத்தாத்தான் அறுப்போம்னு அவங்க கொடி புடிச்சு நிக்கிறாங்க. நான் இருந்து என்ன, பயிருக்கு விசிறியா வீசப் போறேன்?" என்றார்.

விடாமல் துருவிக் கேட்டபோதுதான் உண்மை வந்தது.

"தங்கையன் போறான்ல. அத்தனை தூரம் ஒண்ணா நடந்தா, ஒரு வார்த்தை பேசாமலா இருப்பான்?"

தங்கையன் அவருடைய ஒரே தம்பி. பண்ணையார் நிலத்தை இருவரும் சேர்ந்துதான் குத்தகைக்கு உழுதார்கள். குத்தகைதாரர் பதிவுக்கு அதிகாரி வந்த அன்று வைரக்கண்ணு தன் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். அன்றோடு தங்கையன் இந்த வாசலை மிதிப்பதில்லை.

"எந்திரிங்கன்னா!" தர்மாம்பாள் குனிந்து அவர் காலைப் பிடித்து உலுக்கினாள்.

கால் ஆற்று மணல் மாதிரி சில்லிட்டிருந்தது.

அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். மாலை மணிகள்தான் கையில் பட்டன. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

'கிளம்புற அன்னிக்கா? இதுக்குக்கூட உனக்கு வேற நாள் கிடைக்கலியா?' அப்போதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அதற்குள் மறுபடியும் "அரோகரா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே நிற்கிற அத்தனை பேரும் பங்காளிகள். அவள் ஒரு குரல் எடுத்தால் எல்லோருக்கும் தீட்டு. மாலையைக் கழற்றிக் காவடியை இறக்க வேண்டியதுதான். போன தையிலும் அப்படித்தான் ஆயிற்று. கிளம்புகிற நேரத்தில் ஒரு பங்காளிக் கிழவர் கண்ணை மூட, பயணமே நின்றது. தங்கையன் பெண்டாட்டிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்ட காவடியைத் தங்கையன் அன்று செலுத்தவில்லை. இப்போது மறுபடியும் அவள் படுத்த படுக்கை. காவடிக் கடன்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது.

சாவு காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரை போகலாம்.

ஆனால் தங்கையனும் போய்விட்டால் கொள்ளி வைக்க யார்? பெற்றது ஒரே பெண். பிரகதாம்பாளைத் திருவாரூரில் கட்டிக் கொடுத்தாயிற்று.

தர்மாம்பாள் எழுந்தாள். போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவை ஒருக்களித்து வெளியே வந்தாள்.

"எங்க தர்மு, புது மாப்பிள்ளை இன்னும் சிங்காரிக்கிறானா?" என்றார் மருதையன். கூட்டம் சிரித்தது. "பட்டாளத்துப் பையில ஒன்னையும் வச்சுக் கட்டிட்டானோன்னு பார்த்தோம்!"

"அவருக்கு உடம்பு சரியில்லை மாமா. ராத்திரியெல்லாம் காய்ச்சல். நீங்க போங்க."

"இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு இப்ப காய்ச்சலா? இரு, நான் வந்து எழுப்புறேன்."

"வேண்டாம் மாமா." அவள் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டாள். "பாவம், இப்பத்தான் கண் அசந்தாரு. தூங்கட்டும்."

"என்னடா அதிசயம்! இன்னிக்கு ஒரு திட்டுக்கூடக் காணோம்? பாவமாமே!" என்றார் மருதையன்.

மறுபடி சிரிப்பு. எதிர்ச்சாரிப் பூவரசு நிழலில் தனியாக, தோளில் காவடியோடு நின்ற தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, நேரமாவுது. தேறினா பஸ்ஸைப் புடிச்சு வந்து சேரச் சொல்லு" என்று மருதையன் திரும்பினார். உறுமி முழங்கியது.

தங்கையன் தெருவைக் கடந்து வந்து காவடியை இறக்கினான்.

"சித்தப்பா, கால்ல முள்ளு ஏறிடுச்சு. நடக்க முடியாது. இதை நீங்க வாங்கிக்குங்க. எம் பேரைச் சொல்லிச் செலுத்திடுங்க."

"முள்ளா? எடுத்துட்டு வாயேன், நிக்கிறோம்."

"ஆழமா இருக்கு. நிக்காதீங்க, போங்க."

"அண்ணனுக்குக் காய்ச்சல், தம்பிக்கு முள்ளு! நல்ல குடும்பம்யா" என்று அலுத்துக்கொண்டே மருதையன் காவடியைத் தோளில் ஏற்றினார். கூட்டம் தெருமுனையில் திரும்பியது.

தங்கையன் படியேறினான். நொண்டவில்லை.

தர்மாம்பாள் பதறினாள். "நீங்க ஏன் தம்பி நின்னுட்டீங்க? போங்க, ஓடிப் போயி சேந்துக்குங்க. இங்க ஒண்ணுமில்ல. அவரு தூங்குறாரு…"

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். அண்ணனின் கால்மாட்டில் நின்றான். பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினான்.

அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தாள்.

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். தூரத்தில் உறுமிச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அண்ணி. அவங்க வெண்ணாத்துப் பாலத்தைத் தாண்டிக்கட்டும், அப்பறம் அழுவலாம்."