கடையில் வந்த தூக்கம்

பிள்ளைகளின் படிப்புக்காக என் மனைவி ருக்கு மெயின்லேண்டுக்குப் போனதிலிருந்து இந்தத் தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் எனக்குத் தூக்கமே இல்லை. பாழாய்ப்போன பழைய மெத்தையைத் திட்டிக்கொண்டே ஆவுடையப்பனின் மெத்தைக் கடைக்குப் போனேன்.

"படுத்துப் பாருங்க சார்."

தென்னைநார் மெத்தை ஒன்றில் படுத்தேன். மீன்குழம்பில் புளி அதிகமென்று அவரும் மனைவி தமிழரசியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியே தூங்கிப்போனேன். அதையே வாங்கினேன்.

வீட்டில் பொட்டுத் தூக்கம் வரவில்லை. மறுநாள் போய்க் கத்தினேன்: "மெத்தைய மாத்திக் குடுத்துட்டீங்க!"

"அரே, அதே மால்தான் சார்! அதோட கப்பல்ல வந்த ஜோடி இந்தா கிடக்கு. படுத்துப் பாருங்க."

கோபத்தோடு படுத்தேன். கணவனும் மனைவியும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். கண் சொக்கியது.

"மெதுவா பேசுங்க, சார் தூங்குறாரு" என்றார் தமிழரசி. கடை அமைதியானது.

கண்ணைத் திறக்காமலே சொன்னேன்: "நிறுத்தாதீங்கம்மா. பேசிக்கிட்டே இருங்க."