சொந்தம் என்று போட்ட டிக்

மூன்றாவது தடவையும் கைப்பட்டை இறுகித் தளர்ந்தது. யோக் லான் மிஷினைப் பார்க்காமல் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். இரத்த அழுத்தம் நூற்று அறுபத்திரண்டுக்கு நூற்று நான்கு. நர்ஸ், மிஸ்ஸி நோர்ஸியா, கர்ப்பப் புத்தகத்தில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கர் மேலேயே அதிக ஆபத்துக்கான சிவப்பை ஒட்டினாள்.

"கருவாடுதான். வேணாம் வேணாம்னு சொன்னேன், கேட்டாளா?" என்றாள் மாமியார்.

"டென்ஷன்மா. சும்மா எதையாவது நெனச்சுக்கிட்டே இருக்கா," என்றான் அவள் கணவன் சூன் கியாட்.

முப்பத்தோரு வாரமாக இதே பாட்டுதான். கால் வீங்கினால் நடை போதவில்லை, தலை வலித்தால் போனைப் பார்த்தது அதிகம். பட்டர்வொர்த்தில் அவள் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர்கள் மீன் சந்தையில்கூட இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. முப்பத்து நாலு வயதிலேயே அவளுக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தது. பினாங்கில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் கருமுட்டையில் உண்டான பிள்ளை இது. தானமுட்டைக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து அதிகம், பிரசவம் பார்ப்பவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று அந்த மையத்தில் ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். சூன் கியாட் அதை நாலாக மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். முதல் பரிசோதனையில் 'சொந்தக் கருமுட்டை' என்ற கட்டத்தில் டிக் போட்டதும் அவன்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னையத்தான் குத்திக் காட்டுவாங்க. உனக்காகத்தான் செய்றேன்," என்றான். அந்த 'உனக்காக'வைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"கண்ணு மங்கலாத் தெரியுதா?" என்று கேட்டாள் நோர்ஸியா.

"காலையிலேர்ந்து. ஓரத்துல பூச்சி பறக்குற மாதிரி."

"ட்ரீட்மென்ட்ல வந்த பிள்ளையா? முட்டை உங்களோடதுதானே?"

"ஆமா, எல்லாம் சொந்தம்தான்," என்றான் சூன் கியாட்.

"மிஸ்ஸி என்னையத்தானே கேட்டாங்க?" யோக் லானின் குரல் உயரவில்லை. "நீ போயி ரெண்டு தேத்தண்ணி வாங்கிட்டு வா. அம்மாவையும் கூட்டிட்டுப் போ."

அவன் எழுந்திருக்கவில்லை. மாமியாரும்தான். யோக் லானின் மண்டைக்குள் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. இவர்கள் எழுந்து போகும்வரை இது காத்திருக்காது என்று அவளுக்குப் பட்டது.

"முட்டை என்னோடது இல்ல மிஸ்ஸி. வேற பொண்ணு குடுத்தது. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

நோர்ஸியா உடனே போனை எடுத்தாள். ஓடி வந்த டாக்டர், "பன்னிரண்டாம் வாரத்திலேயே தெரிஞ்சிருந்தா அழுத்தம் ஏறாம இருக்க ஆஸ்பிரின் தொடங்கியிருப்பேன். அடிக்கடி வரவச்சும் பார்த்திருப்பேன்," என்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. சூன் கியாட் தரையைப் பார்த்தபடி நின்றான். யோக் லானைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் மாமியார் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் மருந்திலும் ஊசியிலும் பிரசவத்தைத் தள்ளிப்போட்டார்கள். மூன்றாம் நாள் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து கிராம், மூக்கில் குழாய். யோக் லானின் அழுத்தம் இறங்க மேலும் நாலு நாள் பிடித்தது. சூன் கியாட் தினமும் வந்தான், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போனான். அவளும் உதவவில்லை.

எட்டாம் நாள் மாமியார் வந்தாள். வரப்போகும் பேச்சுக்கு யோக் லான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானாள். இருவரும் குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். மாமியார் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணுமா?"

"குடுத்தவதான். அவளுக்கு ஒண்ணும் ஆகலியே? ஊசியெல்லாம் போட்டிருப்பாங்கல்ல?"

இத்தனை மாதத்தில் யோக் லான் அதை யாரிடமும் கேட்டதில்லை. மையம் கொடுத்த தாளில் அந்தப் பெண்ணின் வயது இருபத்து மூன்று, இரத்தம் ஓ பாசிட்டிவ் என்று மட்டும் இருந்தது.

"தெரியாதுமா."

"யாரும் கேக்கலியா?"

உள்ளே குழந்தையின் தீப்பெட்டி அளவு வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாமியார் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தபோது ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. சட்டைக் கையை இழுத்து, குழந்தை தெரியும்படி அதைத் துடைக்கத் தொடங்கினாள்.