எதிர்வீட்டு அக்காவின் ஒத்தாசை

கண் விழித்தபோது தொட்டில் காலியாக இருந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்கா வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பாள். பிரசவத்தில் போட்ட தையல் பிரிந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தது நான்தான். உடம்பு தேறிய பிறகு திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், என்னைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். பதிலுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. "இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்" என்பாள். எதை என்று நான் கேட்டதில்லை.

என் கணவருக்கு இதெல்லாம் உறைக்காது. அவர் வளர்ந்த ஊரில் கேட்காமல் வந்து செய்வதற்குப் பெயர்தான் உதவி. யார் வீட்டு அடுப்பில் யார் சமைக்கிறார்கள் என்றே தெரியாதாம். நான் வளர்ந்த தெருவிலோ, வீடு தீப்பிடித்து எரிந்தாலும் வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியோடு நுழைவார்கள்.

"இப்படி ஒரு அக்கா கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும். சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டு இருக்காத" என்று சொல்லிவிட்டு இன்றும் வேலைக்குக் கிளம்பிப்போனார்.

இன்று நானே குளிப்பாட்டுவது என்று முடிவு செய்து, தண்ணீர் சுடவைத்துவிட்டு, எதிர்க்கதவைத் தட்டினேன். கதவு பாதி திறந்தது. என் மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"குடுங்கக்கா, இன்னிக்கு நான் குளிப்பாட்டறேன்."

"குளிப்பாட்டியாச்சு. நீ போய்ப் படு."

"எனக்கு இப்ப நல்லாயிடுச்சுக்கா."

"அப்படித்தான் தோணும்" என்றாள், சிரித்த முகத்தோடு.

கையை நீட்டினேன். அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால், தையல் மிஷினுக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் கவுன்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஒரே பூப்போட்ட துணி. முதலாவது என் மகளின் அளவு. அடுத்தது கொஞ்சம் பெரியது. அதற்கடுத்தது இன்னும் பெரியது. கடைசியில் இருந்ததைப் பள்ளிக்கூடம் போகிற பெண்தான் போட முடியும்.

கத்த வேண்டும் போலிருந்தது. இந்த மாடியில் யார் கத்தினாலும் முதலில் ஓடிவருகிறவள் அவள்தான்.

அக்கா உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றாள். பிறகு, குழந்தை விழித்துவிடாமல், மெல்லக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.