அசையாத இன்ஜினின் வரலாறு

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாக வந்தது. ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பில் கடை வைத்து போர்டு எழுதும் ஜைனபிடம் என் கடைப் பலகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். விலை படியவில்லை, கதை படிந்தது. கொசுறில் சொத்தை இருக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். இதில் ஒரு பிணம் இருந்தது.

2

'நீராவி யுகத்தின் விடியலில் கடல் கடந்து வந்த இந்த இரும்பு மங்கை…'

(வேண்டாம். ரிசார்ட் மேனேஜர் தனபால் எழுதிக் கொடுத்த வாசகம் இது.)

நேராகச் சொல்கிறேன். இன்ஜின் சின்னது, நூறு வயதுக்கு மேல். அடிவாரச் சுரங்கத்தில் வெள்ளைக்கல் இழுத்தது, பிறகு துருப்பிடித்துக் கிடந்தது. ரிசார்ட்டுக்காரர்கள் வாங்கி, பெயிண்ட் அடித்து, லாரியில் மலையேற்றி, வாசலில் தண்டவாளத் துண்டு போட்டு நிறுத்தினார்கள். மலையில் சமதளம் ஏது? சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள்.

3

புது வண்டி வந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். சைக்கிளுக்கும் உண்டு, ஜேசிபிக்கும் உண்டு. இன்ஜினுக்கும் பழம் வைத்தாயிற்று. ஓடாத வண்டியில் எப்படி நசுங்கும்?

"அரை இஞ்சு நகந்தாப் போதும். கட்டையை உருவு சித்தா. துருப்புடிச்ச கழுதை, எங்க ஓடப்போவுது?" என்றான் தனபால்.

செம்மநத்தத்துக் கூலியாள் சித்தன் குனிந்து உருவினான். லாரியில் ஏற்றுவதற்காக அச்சுக்கெல்லாம் கிரீஸ் போட்டிருந்ததை யாரும் நினைக்கவில்லை.

சக்கரம் அவன்

(இந்த வரியை அடித்துவிட்டேன்.)

பழம் நசுங்கியது.

4

போலீஸிடம் தனபால் சொன்னது வேறு: வண்டி அசையவே இல்லை, பெயிண்ட் அடிக்கும்போது சித்தன் மேலேயிருந்து விழுந்தான். வேலை வேண்டியவர்கள் தலையாட்டினார்கள். இன்ஜினுக்கு நம்பர் எழுத வந்து, பிரஷ்ஷோடு பார்த்து நின்ற ஜைனபை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இப்போது வரலாற்றுப் போர்டும் அவள்தான் எழுத வேண்டும். தனபால் கொடுத்த கடைசி வரி: 'இங்கு வந்த நாள் முதல் அசைந்ததில்லை.'

சித்தனின் மனைவி பாவாயி ஜைனபின் கடைக்கு வந்தாள்.

"அம்மிணி, எம்புருசன் செத்தது அதுல வருதுங்களா?"

"வரலைக்கா."

"ஒரே ஒரு வரி. நொம்பச் சின்னதா. அவரு விழுகுலீங்க, வண்டிதான் ஏறுச்சுன்னு போடுங்க. குடிச்சுப்போட்டு விழுந்தான்னு ஊரே பேசுதுங்க."

ஜைனப் பேசிப் பார்த்தாள். தனபால் பேரம் தெரிந்தவன், முகத்திலடித்தாற்போல் மறுக்கவில்லை. "ஏனுங்க, பேருதானே வேணும்? இன்ஜின் மேலயே 'சித்தன் எக்ஸ்பிரஸ்'னு எழுதிருங்க. கடைசி வரி மட்டும் மாறக்கூடாது. இனி எங்க போர்டெல்லாம் உங்களுக்குத்தான்."

5

முடிவுகளைப் புடவை மாதிரி விரித்துக் காட்டுகிறேன். ஒன்று: ஜைனப் உண்மையை எழுதினாள். மறுநாளே வேறு பெயிண்டர் வந்தான். இன்னொன்று: கொடுத்ததை எழுதினாள், பிள்ளைகள் சித்தன் எக்ஸ்பிரஸில் ஏறிக் 'கூ' என்று கத்துகிறார்கள். இரண்டுமே எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

போர்டு மாட்டியாயிற்று. கடைசி வரியில் என்ன இருக்கிறதென்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் படம் எடுக்க அதன் முன்னால் நிற்பீர்கள். பக்கத்திலேயே பாவாயி பலாச்சுளை விற்கிறாள். எழுத்துத் தெரியாது. ஜைனப் படித்துக் காட்டியது போதாதாம். முன்பின் தெரியாதவர் வாயால் கேட்க வேண்டுமாம்.

"சாமி, அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பாள்.

சொல்லுங்கள். அவள் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும்.