இரண்டாவது முறை

சிங்கப்பூரின் ஈசூனில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தார்கள். முன்மேசையில், தீயணைப்புச் சீருடையில் ரகுபதியின் படம். அவர் இறந்து ஓராண்டாகிறது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். அவர் மனைவி லீலா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

“முன்னாடி வாங்கம்மா,” என்று மகள் இளமதி கூப்பிட்டாள்.

“இங்கயே இருக்கேன் லா. விடு.”

முதலில் பக்கத்து வீட்டு மருதப்பன் பேசினார். தன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ரகுபதி பனியனோடு ஓடிவந்ததைச் சொன்னார். அடுத்து வந்த சீன மூதாட்டி, லிஃப்ட் பழுதானால் தன் அரிசி மூட்டையை அவர்தான் தூக்கிவருவார் என்றார். எல்லாம் உண்மைதான். எவ்வளவு களைத்திருந்தாலும் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, இளமதிக்குப் பிடித்த உளுந்து வடையை வாங்காமல் வீடு வரமாட்டார் என்பதும் உண்மை. கேட்கக் கேட்க லீலாவுக்கு நெஞ்சு கசந்தது. எல்லாருக்காகவும் ஓடிய மனிதர், அன்று ஒரு கணம் எங்களை நினைத்திருக்கக் கூடாதா?

அன்று அவருக்கு விடுமுறை. தீபாவளித் துணி எடுக்க மூவரும் லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடி வீடொன்றில் சார்ஜில் போட்டிருந்த மின் சைக்கிள் பேட்டரி வெடித்தது.

“இளமதியக் கூட்டிக்கிட்டு கீழ போ லீலா. இதோ வந்துடறேன்.”

முகமூடி இல்லை, கவச உடை இல்லை. முகத்தில் ஈரத்துண்டு மட்டும். உள்ளே சிக்கியிருந்த அம்மாளைத் தூக்கிவந்து படிக்கட்டில் விட்டார். பிறகு மறுபடியும் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அப்போது அந்த வீட்டில் வேறு யாருமே இல்லை. ஏன் போனார் என்று லீலா ஓராண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து அமர்ந்தார்கள். முக்காடிட்ட அம்மாள், கழுத்தருகே தீக்காயத் தழும்பு. லீலாவுக்குப் புரிந்துவிட்டது. தீப்பிடித்த வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மார்சிலிங்கில் உள்ள மகள் வீட்டுக்குப் போனவர், இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“நான்தாம்மா சொன்னேன்,” என்றார் அவர், மெதுவாக. “எம்மவன் ரூம்ல தூங்கறான்னு. அவன் முன்னாடியே டெலிவரிக்குக் கிளம்பிட்டான். எனக்குத் தெரியாது.”

லீலாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

“அவரு என்ன சொன்னாரு?”

“‘பையன் பேரு என்ன?’ன்னு மட்டும் கேட்டாரு. அதீஃப், அதீஃப்னு கூப்பிட்டுக்கிட்டே போனாரு. ரொம்ப நேரம் அந்தச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.”

முன்னால் இளமதி பேச எழுந்தாள். மைக் கீச்சிட்டது. “எங்கப்பா…” என்று தொடங்கியவள் அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

லீலா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“பையன் வந்திருக்கானா?”

அந்த அம்மாள் கண்ணால் காட்டினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கடைசித் தூணுக்கு அப்பால், கூரை முடிகிற இடத்தில், மழையங்கியும் ஹெல்மெட்டுமாக ஒருவன் நின்றிருந்தான்.

“உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க.”

“நான் கூப்பிட்டா வரமாட்டேங்கறாம்மா.”

லீலா எழுந்தாள். நாற்காலிகளைக் கடந்து தூணருகே போனாள். அவன் நிமிரவில்லை. அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் இன்னும் ஓரடி நெருங்கி நின்றாள். அவனுடைய மழையங்கியிலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவி அவள் செருப்பு நுனியை நனைத்தது.