தரிசு என்று எழுதிக் கொடுத்த நிலம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். பொய். வெட்கத்தில் பிறந்தது. சோலார் நிலையத்தை எதிர்த்த என் ஊரைப் பற்றிப் பத்திரிகை ஒன்று கதை கேட்டது. கீழ்வேளூர்ப் பக்கம். இப்படித் தொடங்கினேன்:

‘பச்சை அலையடிக்கும் வயலின் நடுவே அவள் நின்ற’

அடித்துவிட்டேன். அந்த வயலுக்கு நான் போய் ஆறு வருடம் ஆகிறது.

2

அவள் பெயர் ராமாயி. எங்கள் இரண்டு ஏக்கரை அவளும் புருஷன் வைரக்கண்ணுவும் பதினெட்டு வருடம் குத்தகைக்குச் சாகுபடி செய்தார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், பதிவு கிடையாது. அவர் இறந்த பிறகும் அவள் நிலத்தை விடவில்லை.

‘தியாகராசன் என்றொரு கல்லூரி ஆசிரியர் தஞ்சாவூரில் இருந்தார். நிலத்தைச் சோலார் கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதித்தார். விளைநிலத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால், ஐந்து வருடமாகத் தரிசு என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்.’

(தியாகராசன் நான்தான். ‘அவர்’ என்று எழுதி ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.)

3

பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஊரே எதிர்த்துப் பேசியது. கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு நான் போயிருந்தேன். ராமாயிக்கு அது தெரியாது.

வேரில் சேறு காயாத ஒரு பிடி பயிரை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

“தரிசுன்னு எழுதியிருக்காம் ஐயா. காலையில பிடுங்குனது. பால் பிடிக்கிற பயிரு.”

“நீங்க சாகுபடி பண்றீங்கங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?”

“நிலத்துக்காரவங்களே நமக்காகத் தஞ்சாவூர்லேருந்து வந்திருக்காங்க. கேளுங்க.” என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “சொல்லுங்க சார்.”

“ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுதாங்க,” என்றேன்.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. நான் சொன்னது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். நன்றாக வந்திருந்தது, அதனாலேயே கிழித்தேன். மற்றதில் எல்லோர் முன்னாலும் அவள் என்னைத் திட்டுகிறாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நடந்தது வேறு. மறுவாரம் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள்.

“கலெக்டருக்கு மனு எழுதணும்.”

“ஊர்ல எழுதத் தெரிஞ்சவங்க…”

“இருக்காங்க. இத நீங்கதான் எழுதணும்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘நிலத்துக்காரர் தியாகராசன் பொய் சொன்னார்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“தவறான தகவல்னு போடலாமே?”

“அது வேற, இது வேற சார்.”

எழுதினேன். அடியில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“உண்மைதான்னு கீழ நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“வச்சிட்டுப் போங்க, போட்டுத் தரேன்.”

“கையோட போடுங்க. பஸ்ஸு இருக்கு.”

5

இன்று அந்த இரண்டு ஏக்கரில் சோலார் தகடுகள் நிற்கின்றன. ஆகவே நான் கையெழுத்துப் போடவில்லை என்று நினைக்காதீர்கள். மனு கொடுத்தும் தோற்றவர்கள் உண்டு. போட்டேன் என்றும் நினைக்காதீர்கள். என்னை நம்பி ஒருத்தி ஏற்கெனவே…

அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.