கடைக் குரலும் வீட்டுக் குரலும்

அண்ணிக்கு அம்மா தேங்க்ஸ் சொல்லும்போதெல்லாம் என் கையில் இருக்கும் வேலை கெட்டுப்போகும். அன்று காலையும் அப்படித்தான். ஒரு கோட்டின் கைப்பகுதியில் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மெஷினிலிருந்து ஒரு நூல்கண்டு உருண்டு விழுந்தது. அண்ணி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"தேங்க்ஸ்மா" என்றாள் அம்மா.

உருண்ட நூல்கண்டை எடுத்ததற்கு! நான் கடை திறந்ததிலிருந்து ஒரு தோல் பையோடு மல்லுக்கட்டி அதன் ஜிப்பை முழுதாக மாற்றியிருந்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்:

"இழுத்துப் பாத்தியாடி மண்டு? பாதியில சிக்கினா அந்தம்மா பையை நம்ம தலையில கட்டிட்டுப் போயிடும்."

"பாத்துட்டேன்."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். சிக்கவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி வழுக்கிக் கோட்டின் உள்துணியில் குத்தியதுதான் மிச்சம்.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. புதிதாக எதுவும் தைப்பதில்லை. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் தெரியாமல் ஒட்டுப்போடுவது. தெருவைப் பார்த்து ஒரு மேசை, அதன் பின்னால் இரண்டு மெஷின்கள், ஓரத்தில் அயர்ன் போடும் பலகை. ஒரு மெஷின் அம்மாவுடையது. இன்னொன்று என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகு நான் மாலை நேரக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்தேன். நான் எழுந்து போனதும் அதில் அண்ணி உட்காருவாள். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டூல் வேறு உயரத்தில் இருக்கும், ஊசியில் வேறு நிற நூல் கோத்திருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் என் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போய் வந்ததுபோல இருக்கும்.

அண்ணி உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"நூல்கண்டுக்குத் தேங்க்ஸ். ஜிப்புக்கு ஒண்ணும் இல்லையா?"

அம்மா நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "உனக்கு எதுக்குடி தேங்க்ஸ்? என் வலது கைக்கு நான் தெனம் தேங்க்ஸ் சொல்லிட்டா இருக்கேன்?"

"அப்ப அண்ணி எடது கையா?"

"அது இன்னொரு வீட்டுல இருந்து வந்த பொண்ணு. நல்லா வெச்சுக்கணும்."

'நல்லா வெச்சுக்கணும்' மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா விடுவாளா? பகலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டுப்போடக் கொடுத்த சட்டையைத் திரும்ப வாங்க வந்தவர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரிலேயே எழுந்து நின்று, "மகாராணி கையால தண்ணி! நன்றி, ரொம்ப நன்றி, ரொம்ப ரொம்ப நன்றி" என்றாள். அவர் சிரித்துவிட்டார். நான் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு நாள் கழித்துப் பேண்ட் விஷயம் நடந்தது. நீளம் குறைக்கும்போது சாக்பீஸால் இரண்டு கோடு போடுவோம். மேல்கோடு மடிப்பதற்கு, கீழ்க்கோடு வெட்டுவதற்கு. மருந்துக்கடைக்காரரின் புதுப் பேண்ட்டை அண்ணி மேல்கோட்டில் வெட்டிவிட்டாள். வெட்டியதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, தப்புக் கோட்டுல வெட்டிட்டேன்."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இதே தப்பை முன்பு நான் செய்தபோது அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா, யாருக்கு என்னவோ என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். இன்று அண்ணியின் முறை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பேண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்லம்மா. மறைக்காம வந்து சொன்னியே, அதுவே பெருசு. தேங்க்ஸ்மா. வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

வயிறு எரிகிறது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே வயிற்றில்தான் எரிகிறது, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே. அம்மா உள்பக்கம் வேறு துணியில் பட்டி வைத்துப் பேண்ட்டைக் காப்பாற்றினாள். காப்பாற்றிக்கொண்டே என்னிடம், "ஏண்டி வேடிக்கை பாக்கறே? கீழ குண்டூசி கெடக்கு, யார் கால்ல ஏறணும்னு காத்துக்கிட்டிருக்கே?" என்றாள்.

அன்று மாலை நான் வகுப்புக்குக் கிளம்பியபோது, நூல் வாங்கவேண்டும் என்று அண்ணியும் தெருமுனை வரை வந்தாள். சைக்கிள் கடை தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"உங்கண்ணன் வேலை செய்யற எடத்துப் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கோம். தனியா போயிடலாம்னு."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஸ்டூல் இனி என் உயரத்திலேயே இருக்கும். அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்து பையைச் சரிசெய்தேன்.

"ஏன் அண்ணி? அம்மா உங்களத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாங்க."

"அதான். தலையில எத்தன நாள் வெச்சிருப்பாங்க? கழுத்து வலிச்சா எறக்கித்தானே ஆகணும்?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ கவனிச்சதில்லையா? கடைக்கு வர்றவங்ககிட்ட ஒரு குரல், வீட்டாளுங்ககிட்ட ஒரு குரல். என்கிட்ட எப்பவுமே கடைக் குரல்தான். இத்தன மாசமாச்சு, பில்லு வாங்க வந்து நிக்கற மாதிரியே இருக்கு."

"அது மரியாதை அண்ணி."

"ஒரு முழுப் பேண்ட்டைப் பாழாக்கினேன். தேங்க்ஸ்னாங்க! ராத்திரி எப்படித் தூக்கம் வரும் சொல்லு? உன்னையெல்லாம் ஒரு கத்து கத்துவாங்க, முடிஞ்சுது, அடுத்த நிமிஷம் உன் டம்ளர்லயே டீ குடிப்பாங்க. உன்னைப் பாத்தா எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்."

என்னைப் பார்த்தா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அத்தைகிட்ட இப்ப சொல்லிடாதே. வீடு முடிவானதும் அவர் பக்குவமா சொல்லிக்கறேன்னிருக்கார்" என்று சொல்லிவிட்டு அண்ணி நூல் கடைக்குள் போய்விட்டாள்.

வகுப்பில் பலகையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது கடை திறந்திருந்தது. வாசலிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். அம்மா ஒருவரிடம், "செவ்வாய்க்கிழமை வாங்க சார், ரெடியா இருக்கும், தேங்க்ஸ்ங்க" என்றாள். உடனே திரும்பி அண்ணியிடம், "அந்த பில்லைக் கொஞ்சம் எடுத்து வெச்சிடும்மா, தேங்க்ஸ்" என்றாள். ஒரே தொண்டை, ஒரே சிரிப்பு. பிறகு என்னைப் பார்த்தாள்.

"செருப்பை அங்க கழட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

அடித்தொண்டையிலிருந்து வந்தது. அது வேறு குரல். இத்தனை நாளும் இதைக் குறை என்று நினைத்துப் புலம்பியிருக்கிறேன். இப்போது அதற்கு ஆசைப்படும் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும், எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அண்ணி போகட்டும், அங்கே நன்றாக இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் நல்லவளா என்று அடிக்கடி எனக்குச் சந்தேகம் வரும். அந்த வாரம் முழுக்க வந்தது.

சனிக்கிழமை ஒரு ஹோட்டலின் பழைய சீருடை மொத்தத்தையும் சரிசெய்து முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வகுப்பு இல்லை. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி மெஷினில், நான் அயர்ன் பலகையில், அண்ணி தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"ஏய், கத்தரி எடுடி!"

அம்மா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அந்தக் கை எனக்குப் பழக்கம். கத்தரி இருக்கும் மேசை டப்பா எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கையும் அதை நோக்கிப் போனது. அப்போது அண்ணியைப் பார்த்தேன். பசியோடு இருப்பவர்கள் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுபோல அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எதையோ தேடுவதுபோலப் பலகைக்கு அடியில் குனிந்துகொண்டேன். பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் குனியும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் குனிந்தேன்.

நீட்டிய கையின் விரல்கள் ஆடின. "காது அடைச்சுப்போச்சா?"

அண்ணி எழுந்தாள், அவசரத்தில் மேசை டப்பாவிலிருந்து கிடைத்ததை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அம்மா துணியில் ஒரு வெட்டு வெட்டினாள். துணி வெட்டுப்படாமல் மடங்கிக் கத்தரியில் சிக்கிக்கொண்டது.

"அறிவிருக்காடி உனக்கு? இது பேப்பர் வெட்டற கத்தரி! இத்தன நாளா இந்த வீட்டுல இருக்கே, எது எதுக்குன்னு தெரியாது? கண்ணை என்ன அடகுக்கடையிலயா வெச்சிருக்கே?"

திரும்பினாள். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். மெஷின் நின்றது.

"அய்யோ... நீயாம்மா? நான் அவளோன்னு நெனச்சு..." என்று அம்மா இழுத்தாள். தொண்டையில் கடைக் குரல் ஏறிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்டது.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்று பலகைக்கு அடியிலிருந்து எழுந்தேன். "நானா இருந்தா இன்னும் பாதி பாக்கி இருக்குமே."

அண்ணி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. "பாக்கியையும் சொல்லிடுங்க அத்தை. ஆனா ரெண்டு கத்தரியையும் ஒரே டப்பாவுல போட்டு வெச்சது நீங்கதான்."

அம்மா வாயைப் பிளந்தாள். "வாயப் பாருடி இவளுக்கு!" என்றாள் என்னிடம். பிறகு அண்ணியிடம், "ஒரே டப்பான்னா? கறுப்புப் பிடி துணிக்கு, சிவப்புப் பிடி பேப்பருக்கு. கலர் தெரியாதா? மரம் மாதிரி நிக்காம எடுத்துட்டு வாடி!"

அண்ணி ஓடிய வேகத்தில் பட்டன் டப்பா கவிழ்ந்தது. அதற்கும் சேர்த்து விழுந்தது. நானும் உட்கார்ந்து பட்டன் பொறுக்கினேன். அண்ணியின் காது சிவந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வாசலில் வந்து நின்றான். அறையில் நடந்தது எதுவும் தெரியாமல், "கெளம்பலையா இன்னும்? வீட்டுக்காரர் சாவியோட காத்துக்கிட்டிருக்கார்" என்றான்.

"எந்த வீட்டுக்காரர்?" என்றாள் அம்மா.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். அண்ணி கையில் பொறுக்கியிருந்த பட்டன்களைப் பார்த்தாள்.

"நான் வரலீங்க. பட்டன் முடியல." பிறகு அம்மாவிடம், "தனியா போகலாம்னு ஒரு வீடு பாத்தோம் அத்தை. நான்தான் சொன்னேன். இப்ப வேணாம்."

அம்மா முதலில் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு டா போட்டுக் கொஞ்சம் விழுந்தது. மீதி முழுதும் அண்ணிக்கு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடி உனக்கு? நான் என்ன தெருவுல போறவளா? மனசுல ஒண்ணு இருந்தா மூஞ்சிக்கு நேரா கேக்கறதுக்கு என்ன கேடு?"

"கேக்கற மாதிரி எங்க விட்டீங்க? எதைச் சொன்னாலும் தேங்க்ஸ்மா, தேங்க்ஸ்மா!"

"பயந்துக்கிட்டுச் சொன்னேன்டி! ஏதாவது சொல்லி, வந்த பொண்ணு கோச்சுக்கிட்டுப் போயிடுமோன்னு பயந்து பயந்து சொன்னேன். கடைசியில அதுக்கே போறேங்கறே! நல்லா இருக்குடி நியாயம்!"

அண்ணன் சத்தமில்லாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, ஒரு சட்டையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். நான் அயர்ன் பலகைக்குத் திரும்பினேன். ஒரு சட்டையின் காலர் முடிந்தது, கைகள் முடிந்தன, முதுகு முடிந்தது. திட்டு முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அண்ணி செய்தது எல்லாம் வந்தது: பாலை அடுப்பில் வைத்து மறந்தது, பூட்டை மாற்றிப் பூட்டியது, மருந்துக்கடைக்காரரின் பேண்ட். எல்லாவற்றையும் அம்மா பத்திரமாக உள்ளே வைத்திருந்திருக்கிறாள். அண்ணி அழுதுகொண்டே பதில் சொன்னாள், பதில் சொல்லிக்கொண்டே பட்டன் தைத்தாள்.

எனக்கு இவ்வளவு நீளமான திட்டு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எனக்கு எப்போதும் ஒரு மண்டு, மிஞ்சினால் ஒரு கத்து, அவ்வளவுதான்.

அம்மா என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அயர்ன் பாக்ஸைச் சட்டையின் மேலேயே கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. துணி சூடாகி வாசனைகூட வர ஆரம்பித்துவிட்டது. பாவம், ஹோட்டல்காரர் என்ன செய்தார்? பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.